நுரையக்கா ஊற்றிய குளுக்கோஸ்

படிப்பை முடித்த கையோடு வேலைக்கு வந்த கெமிஸ்ட், நுரையக்காவை முதன்முதலில் பார்த்தபோது அவள் எஃகுத் தொட்டியின் வயிற்றில் காதை வைத்து நின்றாள்.

"உள்ள புள்ளைங்க அசையுதான்னு பாக்குறேன் தம்பி."

நுரை பொங்கப்போவதைத் தொட்டியின் கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். அதனால் வந்த பெயர்.

அவள் சொன்ன பிள்ளைகள், பாக்டீரியா. பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்காக, பால் சர்க்கரையை உடைக்கும் நொதியை அவை செய்து தரவேண்டும். வளர்வதற்குக் கொஞ்சம் குளுக்கோஸ், அது தீர்ந்தபின் தின்னப் பால் சர்க்கரை. ஆனால் அடுத்தடுத்து இரண்டு தொட்டி வீண். நொதி மருந்துக்குக்கூட இல்லை.

"மூணாவதும் போச்சுன்னா நாளைக்கு வராத" என்று மேனேஜர், தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் அவளிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஒன்பது வருஷமாகத் தற்காலிக வேலை. படுக்கையில் கிடக்கும் கணவனுக்கு மாத்திரை அந்தச் சம்பளத்தில்தான்.

மூன்றாவது தொட்டியில் மதியம் ஒரு மணிக்குத் திரையில் வளர்ச்சிக் கோடு ஏறாமல் நின்றது. போன இரண்டு முறையும் இதே இடம். அவள் குளுக்கோஸ் கேனைச் சாய்த்தாள். பாதி இறங்கியபோது கெமிஸ்ட் வந்துவிட்டான்.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"பட்டினி கெடக்குதுங்க தம்பி. செத்துடும்."

"போன ரெண்டு தடவையும் ஊத்துனீங்களா?"

அவள் தலை கவிழ்ந்தது.

"வயிறு நெறஞ்சவன் அடுப்பு பத்தவைப்பானாக்கா? குளுக்கோஸ் தீர்ந்து பசிச்சாத்தான் அதுக்குள்ள ஒரு குட்டி மூலக்கூறு பெருகும். அது ஒரு புரதத்தோட சேர்ந்து போய் மரபணுவைத் தட்டி எழுப்பும். அப்புறந்தான் நொதி. எழுப்பப் போற நேரம் பாத்து நீங்க சோறு போட்டுத் தூங்க வச்சுட்டீங்க."

"ஐயோ! பசிச்ச வாய்க்குத்தானே குடுத்தேன்..." அவள் தொட்டியைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப என்ன செய்யிறது?"

"ஊத்துனது தீரணும். மறுபடி பசிக்கணும். காத்திருக்கணும்."

காத்திருந்தாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு மாதிரி எடுத்துச் சோதனைக் குழாயில் விட்டாள். நொதி இருந்தால் மஞ்சளாகும். எல்லாம் நிறமில்லாமலே நின்றன. "பசிங்கடி, சீக்கிரம் பசிங்க" என்று முணுமுணுத்தபடியே இருந்தாள். வாழ்நாளில் யாரையும் அவள் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

மூன்று மணிக்கு மேனேஜர் வந்து நிறமில்லாத குழாய்களைப் பார்த்தார். அவள் அப்போதுதான் இன்னொரு மாதிரி எடுத்திருந்தாள்.

"சார், ஒரு மணி நேரம் குடுங்க" என்றான் கெமிஸ்ட்.

"உங்க படிப்பை நோட்டுல வச்சுக்கங்க. தொட்டி காலியாகணும்."

"ஐயா, உங்க கால்ல விழுறேன்யா" என்று அவள் தொட்டியின் வடிகால் வால்வுக்கு முன்னால் போய் நின்றாள். அவர் விலக்கிவிட்டுத் திறந்தார்.

தொட்டி கடைசியாகக் களக் களக்கென்று காற்றை விழுங்கியபோது, அவள் கையிலிருந்த குழாய் மஞ்சளாகியிருந்தது.

மேனேஜர் அதையே பார்த்தார். "அப்ப இவ்வளவு நாளா வராதது ஏன்?"

கெமிஸ்ட் வாயைத் திறக்குமுன் அவள் சொன்னாள்: "நாந்தான்யா குளுக்கோஸ் ஊத்துனேன்."

நுரையக்கா இப்போது இரண்டு தெரு தள்ளி ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள்.