வெயிலில் வைத்த ரெசின்

ஏற்காட்டில் எங்கள் வீட்டின் பின்னறையில் என் மனைவி பல் லேப் வைத்திருக்கிறாள். சேலத்தில் ஒரு பல் டாக்டர் நோயாளியின் வாயை ஸ்கேன் செய்து ஃபைலாக அனுப்புவார். அதிலிருந்து தாடையின் மாதிரியை அச்சிட்டு, அதன்மேல் செயற்கைப் பல்லைச் செய்து இவள் பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டும். முதலில் சோதனையாக ஒன்று: மூன்று பல்லுக்கான ஒரே துண்டு. அது வாயில் சரியாக உட்கார்ந்தால் டாக்டரின் வேலை முழுக்க இவளுக்கு. உட்காராவிட்டால், பழையபடி தினமும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, கீழே வேறொருவர் லேபில் வேலை.

மாதிரி அச்சிடும் முப்பரிமாண பிரிண்டர் வாங்க நானும் சேலம் போனேன். கடைக்காரர் பெரிய மெஷினைக் காட்டினார். ஒரே தடவையில் பத்து மாதிரி வருமாம்.

"பத்து வேண்டாமுங்க. ஒண்ணு சரியா வந்தாப் போதும்" என்று சிறியதை எடுத்தாள்.

மெஷினில் ஊற்றும் பிசினான ரெசினுக்குத்தான் நேரமானது. கடையில் இருந்த இரண்டு வகையிலும் ஒரே மாதிரியை அச்சிடச் சொல்லி வெர்னியர் அளவுகோலால் அளந்தாள். தண்ணீராக ஓடியதில் மாதிரி மயிரிழை சுருங்கியிருந்தது. கெட்டியானதில் சுருக்கம் தெரியவில்லை. கெட்டியானதையே வாங்கினோம். அதனோடு வந்த குறிப்புத் தாளை நான் படித்துக் காட்டினேன். பத்திரிகையில் பல வருடம் பிழை திருத்தியவன். அறையின் வெப்பம் இவ்வளவு இருக்க வேண்டும் என்ற வரியையும் படித்தேன், தாண்டிப் போனேன். மின்விசிறிக்குக் கீழே நின்றும் எனக்கு வேர்த்துக்கொண்டிருந்தது.

அது தை மாதம். மலைக்குளிரில் எங்கள் பின்னறையில் ரெசின் வெல்லப்பாகு மாதிரி நின்றது. முதல் மாதிரியில் கடைவாய்ப் பற்கள் பாதியில் பிய்ந்திருந்தன.

"ஏனுங்க, தேங்கா எண்ணெயாட்டம் உறையப் பாக்குதுங்க" என்றாள்.

மலையில் எண்ணெய் உறைந்தால் செய்வதையே செய்தோம். இளகுவது தெரியட்டும் என்று, கறுப்புப் பாட்டிலில் இருந்ததில் பாதியை நிறமில்லாத பாட்டிலுக்கு மாற்றி, காப்பி காயும் களத்துச் சுவர்மேல் வைத்தாள். நான்தான் நிழல் விழாத இடமாகப் பார்த்துக் கொடுத்தேன். ஒளி பட்டால் ரெசின் கல்லாகும். மெஷின் செய்வதே அதுதான். இருவருக்கும் தெரியும். கைப்பழக்கம் முந்திக்கொண்டது.

ஒரு மணி நேரம் கழித்துப் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தாள். ஒன்றும் விழவில்லை.

"நொம்ப நல்லா வெந்திருக்குதுங்க. சட்னி அரைச்சாத் தொட்டுக்கலாம்."

"தாளைப் படிச்சது நான்தான்" என்றேன்.

"படிச்சீங்க. நானும் கேட்டுட்டுத்தான இருந்தேன்."

மீதிப் பாதியைக் கறுப்புப் பாட்டிலோடு வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தினாள். பின்னறையைச் சாத்தி ஹீட்டர் போட்டோம். மெஷின் பக்கத்தில் வெப்பமானியைத் தொங்கவிட்டு, தாளில் இருந்த எண் வரும்வரை அச்சை ஆரம்பிக்கவில்லை. வந்த மாதிரியைக் கழுவி, காயவைத்து, மூன்று இடத்தில் அளந்தாள். ஸ்கேனில் இருந்த அளவு இருந்தது. மறுபடி அளந்தாள்.

அதன்மேல் செய்த பல் பஸ்ஸில் சேலம் போன மறுநாள் டாக்டர் போன் செய்தார்.

"உக்காந்துருச்சுங்க. ஒரு ஓரத்துல மட்டும் லேசாத் தேய்ச்சேன். அடுத்த ஃபைல் சாயங்காலம் அனுப்பறேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் மாதிரியை அலமாரியிலிருந்து எடுத்து, காதில் போனோடு, குறித்துக்கொள்ளப் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"எந்த ஓரமுங்க?" என்று கேட்டாள்.