ஒட்டுப்பால் வரும் பத்தி

என் முதல் சிறுகதைத் தொகுப்பு வந்த வருஷம், கஹவத்தைப் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் என்னை மேடையேற்றினார்கள். பரிசு வாங்கிய கதையை மைக்கில் வாசிக்கச் சொல்லி இளைஞர் மன்றத்தில் கேட்டதும் தலைகால் புரியாமல் சரி என்றுவிட்டேன். பிரதம விருந்தினர் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை என்பது நோட்டீஸ் அடித்த பிறகுதான் தெரிந்தது.

அது என் அத்தையின் கதை. பேரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். ஆனால் ரப்பர் மரத்துச் சிரட்டையில் உறைந்து கிடக்கும், தோட்டத்துக்குச் சேரவேண்டிய ஒட்டுப்பாலை அவர் விறகுக் கட்டுக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவருவதை மட்டும் அப்படியே வைத்தேன். வாசித்தவர்கள் எல்லோரும் மெச்சியது அந்தப் பத்தியைத்தான். அத்தை அப்போதும் அதே தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். ஒட்டுப்பாலும் விறகோடு வந்துகொண்டிருந்தது. பிடிபட்டால் வேலை போகும், வேலையோடு குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். அத்தைக்கு எழுத்து வாசிப்புக் கிடையாது. தன்னைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்பது மட்டும் தெரியும், என்ன எழுதினேன் என்று தெரியாது.

மேடையேறி வாசிக்கத் தொடங்கினேன். துரை சிங்களவர், ஆனால் தோட்டத்திலேயே பழகியதில் தமிழ் நன்றாகப் புரியும், வாசிக்கத்தான் வராது. முன்வரிசையில் அத்தை புதுச் சேலையில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பத்தி நெருங்க நெருங்க துரையையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தேன். வெட்கக்கேடு என்னவென்றால், அந்த நிலையிலும் அதை வாசித்தால் கூட்டம் எப்படி அடங்கிப்போகும் என்று எனக்குள் ஒருவன் ஆசைப்பட்டான். பயம்தான் ஜெயித்தது. பத்தியைத் தாண்டி வாசித்தேன். கதை நொண்டியது, கைதட்டல் ஒப்புக்கு வந்தது.

கீழே இறங்கியதும் துரை கையைக் குலுக்கி, ரொம்ப அழகு என்று சிங்களத்திலேயே மெச்சினார்.

"ஹரி லஸ்ஸனய்! புக்க எனக்குக் குடுங்க. நம்ம கிளாக்கர வாசிக்கச் சொல்லி பங்களாவுல முழுசா கேக்குறேன்."

வேறு பிரதி இல்லை, பிறகு தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் அவர் பேனாவை நீட்டி, "ஒங்க கையெழுத்தோட" என்றார். அதுவரை என்னிடம் யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை. வளைத்து வளைத்துப் போட்டுக் கொடுத்தேன்.

துரையின் ஜீப் கிளம்பிய பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தை வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

"தொரையே கேட்டு வாங்கிட்டுப் போறாரு, மருமகனே! ஜீப்புல ஏறயில நானும் ஓடிப்போய் சொல்லிட்டேன், அந்தக் கதையில வாறது நாந்தாங்கன்னு."