கத்திரி முடியட்டும் என்றேன்

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்துச் சனம் மாட்டுவண்டியில் எங்கள் ஊர் பாடி வழியாக ஓடியதே, அந்த வருஷம் நடந்தது இது. ஒரு வண்டியில் ஊஞ்சல் பலகைகூடப் போனது. குண்டுக்குப் பயந்து ஓடுகிறவனுக்கு ஊஞ்சல் எதற்கோ!

என் சம்சாரம் கண்ணம்மாவுக்கு வெயிலே ஆகாது. எங்கள் வீடோ தகரக் கூரை. பக்கத்தில் ஒரு மரம் கிடையாது. அவள் தம்பிக்கு வானகரத்தில் மாந்தோப்பு, நடுவில் ஓலை வீடு. கத்திரி பிறந்து அவள் இரண்டு தரம் மயங்கி விழுந்ததும், அவன் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"மாமே, ரெண்டு பேரும் கெளம்புங்க. இனிமே அங்கியே இருந்துக்கலாம்."

"கத்திரில எவனாவது ஊடு மாத்துவானா மச்சான்? முடியட்டும், வரோம்."

"பட்டணமே நாள் பாக்காம ஓடுது. நீ இன்னா பஞ்சாங்கம் பேசிகினு கீறே?"

கண்ணம்மா என் முகத்தையே பார்த்தாள். "இன்னும் எத்தினி நாளு கீது?" என்றாள்.

"நாலே நாளு. பொறுத்துக்கோ."

அவள் பாயைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டி, வாசலோரம் சாய்த்து வைத்தாள். அன்று முதல் ஈரப் புடவையைச் சுற்றிக்கொண்டு வெறுந்தரையில்தான் படுத்தாள். மூன்றாம் நாள் உச்சி வேளையில் தண்ணீர் கேட்டாள். மொண்டு வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

தம்பி மறுபடி வண்டியோடு வந்தான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருக்கலாம். அவள் கட்டிவைத்த பாயை நான்தான் அவிழ்த்து, அவளை அதில் கிடத்தினேன்.

அதற்கப்புறம் நான் வானகரம் போகவேயில்லை. அந்தத் தகரத்தின் கீழேயே காலத்தைக் கழித்தேன். உங்கள் தெருவில் யாராவது வெக்கை தாங்காமல் தவிக்கும்போது வீட்டுக்காரன் நாள் பார்த்துக்கொண்டிருந்தால், இந்தப் பாயின் கதையை அவனிடம் சொல்லுங்கள். அன்றைக்கே வண்டியைக் கட்டச் சொல்லுங்கள்.