என் மகள் பிட்டு அடிக்கவில்லை

மெடிக்கல் ஷாப்பில் எனக்குப் பதினோரு வருட சர்வீஸ். டாக்டர்களின் கையெழுத்தைப் படிப்பதுதான் என் பிழைப்பு. கோழி கிளறியது போல எழுதித் தள்ளும் அந்த மனிதர்களை ஒருவரும் மக்கு என்று சொன்னதில்லை. என் மகளைச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்பில் சொன்னார்கள், நான்காம் வகுப்பில் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார்கள். காதால் கேட்டதை ஒரு வார்த்தை தவறாமல் திருப்பிச் சொல்கிற பிள்ளைக்குப் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வியர்த்துக் கொட்டும். இது சோம்பேறித்தனம் இல்லை, இவள் எழுத்தை வாங்கிக்கொள்ளும் விதம் வேறு என்று ஒரு டாக்டர் சொன்ன பிறகு, செங்கம் ரோட்டில் இருந்த ஒரு பயிற்சி மையத்தில் அவளைச் சேர்த்தோம்.

மையம் என்றால் ஒரு வாடகை வீட்டின் மாடி. கீழே வெளிநாட்டுக்காரர்கள் இஞ்சி டீ குடிக்கும் கடை. மேலே பன்னிரண்டு பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள். தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி விரலால் எழுத வைத்தார்கள். வரிக்கு அடியில் விரலை ஓட்டி, வாய்விட்டு மெதுவாகப் படிக்க வைத்தார்கள். ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு ஜன்னல் வெட்டிய கறுப்பு அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். அதைப் பக்கத்தின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டே போனால் மற்ற வரிகள் வந்து குழப்பாது. அட்டையின் ஓரத்தில் அவளே வெள்ளைப் பென்சிலால் எழுதிக்கொண்டாள்: கண், மான், நாய். அதற்குக் கீழே பல், முள், பழம். மூணு சுழியா, ரெண்டு சுழியா, எந்த ல என்று சந்தேகம் வரும்போது பார்த்துக்கொள்ளத்தான்.

இரண்டு வருடத்தில் அவள் பஸ் போர்டு படித்தாள், கடை போர்டு படித்தாள். இனி எல்லாப் பிள்ளைகளும் போகிற ஸ்கூலுக்கே போகலாம் என்று டீச்சர்கள் சொன்ன அன்று நான் மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு சந்தோஷம். விவரம் கெட்ட சந்தோஷம்.

ஏழாம் வகுப்பில் சேர்க்க ஊருக்குள் இருந்த ஒரு பள்ளிக்குப் போனோம். மையத்து டீச்சர்கள் ஒரு கடிதம் கொடுத்திருந்தார்கள். அட்டை வைத்துப் படிக்க விடுங்கள், விரல் வைத்தால் அதட்டாதீர்கள், பரீட்சையில் கொஞ்சம் நேரம் ஜாஸ்தி கொடுங்கள். கேட்டது இவ்வளவுதான். தலைமையாசிரியை படித்துவிட்டு மடித்தார்.

"பாத்துக்கலாம்மா. ஆனா கம்ப்ளைன்ட்டுனு ஒண்ணு வரக் கூடாது. வந்தா டிசி குடுத்துடுவேன், அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

கடிதம் பீரோவுக்குள் போனது. எந்த டீச்சரிடமும் ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. அந்தப் பள்ளியில் என் மகளைப் பற்றி முழு விவரமும் தெரிந்தது பீரோவுக்கு மட்டும்தான்.

பிள்ளைகள் முதல் வாரமே பெயர் வைத்துவிட்டார்கள். ஸ்பெஷல். எங்கள் ஊரில் ஸ்பெஷல் என்றால் பௌர்ணமி கிரிவலத்துக்கு விடுகிற பஸ், கோயிலில் கூட்டத்தை முந்திக்கொண்டு போகிற தரிசனம். அந்த வார்த்தையைக் கேட்டாலே வழிவிட்டு ஒதுங்குகிற ஊர் இது. என் மகளுக்கு மட்டும் அது வசவாக வந்து சேர்ந்தது. "நான் ஒண்ணும் ஸ்பெஷல் கிடையாது, ஆர்டினரிதான்" என்று அவள் சண்டை போட்டதாக ஒருநாள் வந்து சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதனால் நானும் விட்டுவிட்டேன்.

காலாண்டுப் பரீட்சையில் வந்தது வினை. அறிவியல் பரீட்சை. கேள்வித்தாள் மேல் அட்டையை வைத்து, உதட்டை அசைத்து அவள் படித்துக்கொண்டிருக்க, ஹாலில் நின்ற டீச்சர் அட்டையைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறார். ஓரத்தில் எழுத்து. "பிட்டு அடிக்கிறியா?" என்று எல்லார் முன்னாலும் கத்தி, அட்டையை இரண்டாகக் கிழித்து, விடைத்தாளையும் வாங்கிக்கொண்டு வெளியே நிறுத்திவிட்டார்.

எனக்குப் போன் வந்தது. கடையில் ஆள் நிற்கும்போதே ஓடினேன். தலைமையாசிரியையின் மேஜை மேல் கிழிந்த அட்டை கிடந்தது. கண், மான், நாய் என்பது எந்தக் கேள்விக்கு விடை என்று நான் கேட்டேன். அந்த டீச்சர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"விலங்குகள் பாடம் இருக்குல்லம்மா."

இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, அந்த மேஜையைக் கவிழ்த்துவிட வேண்டும் போலவும் வருகிறது. அப்போது இரண்டுமே வரவில்லை. பயம்தான் வந்தது. டிசி என்ற அந்த ஒரு வார்த்தை தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. பீரோவில் கடிதம் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. வெளியே போய் வீட்டுக்காரருக்குப் போன் போட்டால், "இன்னா பண்றது, சீட்டு போயிடப் போகுது, அவங்க சொல்ற மாதிரி எழுதிக் குடுத்துட்டு வா" என்றார்.

மகளிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். நான் பிட்டு அடித்தது தவறு, மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், இனி இப்படி நடக்காது. என் முன்னாலேயே எழுதினாள். எழுதும்போது ஒருதரம் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். மன்னிப்புக்கு மூணு சுழி போட்டிருந்தாள். டீச்சர் சிவப்பு மையால் அதைச் சுழித்து, பத்துத் தடவை எழுத வைத்தார். மன்னிப்புக் கடிதத்திலும் தப்புத் திருத்துகிற பள்ளி அது. அட்டை கையில் இருந்திருந்தால் சரியாக எழுதியிருப்பாள் என்பது அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தாளின் அடியில் பெற்றோர் கையெழுத்து என்று எழுதி என்னிடம் நீட்டினார்கள். படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு மிச்சமிருந்த இரண்டு பரீட்சைகளிலும் அவள் பேரும் நம்பரும் மட்டும் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் புத்தகத்தைத் தொடவில்லை. பஸ்ஸில் போனால் போர்டைப் பார்க்காமல் என்னிடம் கேட்டாள், "இது எங்கம்மா போவுது?" இரண்டு வருடம் ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்த படிப்பு என் கண் முன்னாலேயே வழிந்து போய்க்கொண்டிருந்தது. நான் அந்த டீச்சரைத் திட்டினேன், தலைமையாசிரியையைத் திட்டினேன், வீட்டுக்காரரைத் திட்டினேன்.

லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று காலை, தலை பின்னிக்கொண்டிருந்தேன். என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"நான் பிட்டு அடிச்சேன்னு நீயும் நம்பிட்டியாம்மா?"

"இல்லடி. யார் சொன்னது?"

"அப்ப எதுக்குக் கையெழுத்து போட்ட?"

பின்னலைப் பாதியில் விட்டுவிட்டேன். கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு நேராகப் பள்ளிக்குப் போனேன். அந்த மன்னிப்புக் கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன்.

"அது ரெக்கார்டுல போயிடுச்சும்மா. எடுக்க முடியாது."

"அப்ப இதையும் சேத்து ரெக்கார்டுல வைங்க" என்று ஒரு தாள் வாங்கி, நின்றபடியே எழுதினேன். என் மகள் பிட்டு அடிக்கவில்லை. அது அவள் படிக்க உதவும் அட்டை. அதைப் பற்றிய கடிதம் சேர்க்கும்போதே உங்கள் பீரோவில் வைக்கப்பட்டது. எனக்கு எல்லாம் தெரிந்தும், பயந்துகொண்டு பொய்யில் கையெழுத்துப் போட்டேன். எழுதி முடித்ததும் தாளைத் தலைமையாசிரியையிடம் நீட்டவில்லை. மகளிடம் கொடுத்தேன்.

அவள் மேஜை மேல் தாளை வைத்து, வரிக்கு அடியில் விரல் வைத்து, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார்.

"மனசுக்குள்ள படிம்மா."

"மனசுக்குள்ள படிச்சா எனக்குக் கேக்காது மிஸ்."

விரலை எடுக்காமல் மேலே படித்தாள். 'பயந்துகொண்டு' என்ற இடத்தில் நின்று, அதையே இன்னொரு தரம் படித்தாள். கடைசி வரி வரை நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம். பிறகு தலைமையாசிரியை அதை வாங்கி ஃபைலில் போட்டார். பீரோவைத் திறந்து மையத்து டீச்சர்களின் கடிதத்தையும் எடுத்து மேஜை மேல் வைத்தார். டிசி என்ற பேச்சு அன்று வரவில்லை.

வகுப்பு வரைக்கும் அவளோடு நடந்தேன். நியாயம் கேட்டு ஜெயித்துவிட்ட அம்மா என்று மனசுக்குள் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன். வாசலில் அவள் பையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இத அன்னிக்கே எழுதியிருக்கலாம்லம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.