அம்மன் காலடியில் இருந்த இன்சூரன்ஸ்

கல்யாணமாகி நான்கு வருடங்கள் நான் ஞாயிற்றுக்கிழமையை வெறுத்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் தோட்டத்துச் சந்தியில் பஸ் வந்து ஹோர்ன் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் என் மனைவி பையைத் தூக்குவாள். நான் குடையைத் தூக்குவேன். மழை இல்லாத நாளிலும் தூக்குவேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாதவனுக்குக் குடை பெரிய உதவி.

அவள் லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் டீச்சர். பாடசாலைக்குப் பக்கத்திலேயே இரண்டு அறை குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறார்கள். நான் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலரில் நிற்பவன். காலை ஐந்து மணிக்கு மெஷின் ஓடத் தொடங்கும். அந்த நேரத்தில் எங்கள் ரோட்டில் பஸ் கிடையாது. மூடுபனியும் நாய்களும்தான் போகும் வரும். ஆகவே வெள்ளி மாலை அவள் வருவாள், ஞாயிறு போவாள். மற்ற நாட்களில் நான் சமைத்ததை நானே சாப்பிட்டேன். இதைவிடப் பெரிய துன்பத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

நம் கோயில் அடியார்களே, சிரிக்காமல் கேளுங்கள். போனில் பேச வேண்டுமென்றால் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் கல்லில் ஏறி நிற்க வேண்டும். அங்கேதான் சிக்னல். நான்கு வருடத்தில் நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொண்ட வார்த்தை 'கேக்குதா' என்பதுதான். சாப்பிட்டாளா என்று கேட்பேன். "கேக்கல" என்பாள். அவள் ஏதோ சொல்லிச் சிரிப்பாள். எனக்கும் கேட்காது. ஆனால் நானும் சிரிப்பேன். பிறகு கல்லிலிருந்து இறங்கி வந்து, அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று இரவு முழுக்க யோசிப்பேன்.

அதற்காகத்தான் ஒரு பைக் வாங்கினேன். பழைய பைக். பைக் இருந்தால் நான் அவளுடைய குவார்ட்டர்ஸிலேயே தங்கி, விடியும் முன் வேலைக்கு வந்துவிடலாம். வெள்ளிக்கிழமை அவளிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், கையிலிருந்த தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டாள்.

"என்னங்க, கோவிச்சுக்காதீங்க. லைசன்ஸ் இல்லாம எங்க வாசலுக்கு அந்தப் பைக்கு வந்துச்சுன்னா நான் கதவத் தொறக்க மாட்டேன்."

"பைக்க வெளிய விட்டுட்டு நான் மட்டும் உள்ள வந்தா?"

"நீங்களும் வெளியதான்."

அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுடைய அண்ணன் எல் போர்டை மாட்டிக்கொண்டு தனியாக ரோட்டுக்குப் போய் ஒரு பெரியவரை மோதிவிட்டார். பெரியவர் பிழைத்தார், பிறகு நடக்கவில்லை. அண்ணனும் இன்றுவரை நொண்டித்தான் நடக்கிறார். அன்று பைக்குக்கு இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் கம்பனியிலிருந்து வந்தவர் கேட்ட முதல் கேள்வி லைசன்ஸ் நம்பர். அது இல்லை; கம்பனி ஒரு சதமும் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததையெல்லாம் என் மனைவி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். நானும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

எனக்கு இன்சூரன்ஸ் போட்டுத் தந்தவர் டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நசார் நானா. அவரும் அதையேதான் சொன்னார்.

"தம்பி, கார்ட் இந்தா இருக்கு. லைசன்ஸ் எடுக்காம ரோட்டுல ஏறிட்டு, பொறகு என்ட கடைக்கு வந்து நின்னு அழப்படாது. சரியா?"

சரி என்றேன். எழுத்துப் பரீட்சையில் பாஸ் பண்ணினேன். அது பெரிய விஷயமில்லை, டீச்சரின் புருஷன். அடுத்தது ட்ரயல். மைதானத்தில் சிவப்புக் கூம்புகளைச் சுற்றி எட்டுப் போட வேண்டும். காலைத் தரையில் வைக்கக் கூடாது.

முதல் தடவை மூன்று இடத்தில் காலை வைத்தேன். இரண்டாம் தடவை கால் வைக்கவே இல்லை. ஆனால் எட்டை முடித்து வெளியே வரும் வழியை விட்டுவிட்டு, மறுபடியும் எட்டுக்குள்ளேயே போய்விட்டேன். "நான் எட்டுத்தான் கேட்டேன், நீ பதினாறு போட்டாய்" என்று அதிகாரி சிங்களத்தில் சொல்ல, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது லிந்துலையில் அவள் பாடசாலைக்கு ஏறும் பாதையைக் கண்டேன். அப்போது சிரிப்பு நின்றுவிட்டது. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டு தடவையும் நான் ஓட்டியது பழக்கிவிட்ட டிரைவிங் பள்ளிக்காரரின் பைக். குற்றத்தை அதன் மேல் போட்டேன். அடுத்த தடவை என் பைக்கில்தான் போவது என்று முடிவெடுத்தேன். ஆனாலும் மனதில் தைரியம் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை நம் மாரியம்மன் கோயிலுக்குப் போய், இன்சூரன்ஸ் கார்டை மஞ்சள் துணியில் முடிந்து பூசாரி ஐயாவிடம் நீட்டினேன்.

"பரீட்ச பாஸாகணும்னு வாறவுங்க பேனா வைப்பாங்க. நீ என்னப்பா கொண்டாந்திருக்க?"

"இன்சூரன்ஸ் சாமி."

"யாருக்கு, அம்மனுக்கா?"

சிரித்துக்கொண்டே வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். 'அம்மா, நான் பாஸாகிற வரைக்கும் இது ஒன்கிட்டயே இருக்கட்டும். நாலு வருசமாச்சு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம், வீட்டுக்குப் போற வழி மட்டும் வேணும்' என்று வேண்டிக்கொண்டேன். கோயிலில் எனக்கு அழுகை வந்தது அன்றுதான். பூசாரி ஐயா பார்த்துவிடக் கூடாதென்று கற்பூரப் புகையின் மேல் பழியைப் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ட்ரயல் நாள் வந்தது. என் பைக்கை மணியம் ஓட்டினான். தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்பவன், லைசன்ஸ் உள்ளவன். நான் பின்னால் உட்கார்ந்தேன்.

"மச்சான், நீ பின்னால குந்துனாலே பைக்கு சாயுது. முன்னால குந்துனா என்னா ஆவுமோ" என்று வழி நெடுக என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டே வந்தான்.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று நான் மனதில் ஒரு திட்டம் வைத்திருந்தேன். பாஸானாலும் ஃபெயிலானாலும், திரும்பும் வழியில் மணியத்தை லிந்துலையில் இறக்கிவிட்டு நானே அவள் வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவது. கதவைத் திறக்காமலா போய்விடுவாள்? அவ்வளவு தூரத்துக்கு ஏக்கம் என்னைக் கொண்டுபோயிருந்தது.

நானுஓயாவுக்குக் கிட்டே நல்ல பனி. ஒரு வளைவில் திரும்பினோம். காலைப் பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்கு ஏறப் போகும் தோட்டப் பெண்கள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். மணியம் பிரேக்கை அழுத்தினான். ஈர ரோட்டில் பைக் வழுக்கிக்கொண்டே போனது. கடைசியாக வந்த ஓர் அக்காவின் கண் மட்டும் எனக்குத் தெரிந்தது. ஒரு சாண் இடைவெளியில் நின்றோம்.

"அடப் பாவிகளா, கண்ணு என்ன முதுகுலயா இருக்கு? எம் புள்ளைகளுக்கு நீயாடா சோறு போடுவ?"

அவருடைய ரொட்டிப் பார்சல் கீழே விழுந்து கிடந்தது. இறங்கி எடுத்துக் கொடுத்தேன்.   அதன் பிறகு மணியம் பைக்கை மெதுவாகவே ஓட்டினான்.

நுவரெலியா மைதானத்தில் என் முறை வந்தது. அதிகாரி கடதாசிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். பைக்கின் இன்சூரன்ஸ் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்.

எனக்கு உச்சந்தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. முந்திய இரண்டு தடவையும் அதையெல்லாம் பழக்கிவிட்டவர் காட்டியிருந்தார். என்னிடம் யாரும் கேட்டதே இல்லை.

"கோயிலில் இருக்கிறது சேர்" என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

"கோயிலில் என்ன செய்கிறது?"

"வேண்டுதலுக்கு வைத்தேன் சேர்."

வரிசை மறுபடியும் சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். ஆனால் கடதாசி இல்லாமல் பைக்கை உள்ளே விட மாட்டேன், வேண்டுமானால் ட்ரயல் முடிவதற்குள் அதன் பிரதியைக் காட்டு என்றார். பூசாரி ஐயாவுக்குப் போன் போட்டேன். கோயிலைப் பூட்டிவிட்டு இறம்பொடையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். கடைசியாக நசார் நானாவுக்கு அடித்தேன்.

"ஒரு நிமிசம் தம்பி, கொப்பியப் பாக்கிறேன்" என்றார். தாள் புரளும் சத்தம் கேட்டது. 

"தம்பி, இது முடிஞ்சு இன்டைக்கு மூணு நாளாச்சே."

"இல்ல நானா, மாசக் கடைசி வரைக்கும் இருக்கு. போன வருசம் இந்த மாசக் கடைசியிலதான பைக்க எடுத்தேன்?"

"பைக்க எடுத்தது மாசக் கடைசி. இன்சூரன்ஸ் அதுக்கு முன்னுக்கே போட்டமே, மறந்துட்டீங்களா? கார்டுல தெகதி இருக்கே, நீங்க பாக்கலியா?"

எப்படிப் பார்ப்பேன்? இரண்டு மாதமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அம்மன். அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அந்த இடத்திலேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவியின் அண்ணனுக்கு அன்று இன்சூரன்ஸ் இருந்தது, லைசன்ஸ் இல்லை. இன்று காலை மணியத்திடம் லைசன்ஸ் இருந்தது, என் பைக்குக்கு இன்சூரன்ஸ் இல்லை. நடுவில் இருந்தது ஒரு சாண் ரோடும் அந்த அக்காவும். இன்னும் ஒரு சாண் போயிருந்தால், இன்னொரு வீட்டிலும் என் மனைவி வீட்டில் நடந்ததுதான் நடந்திருக்கும். அதுவும் என்னால்.

'அம்மா, நான் எட்டுப் போடக் கேட்டேன். நீ அதுக்கு முன்னுக்கே அங்க ரோட்டுல வந்து நின்னிருக்கியே' என்று முணுமுணுத்தேன். அப்போது அழுதேன். பழி போடப் பக்கத்தில் கற்பூரம்கூட இல்லை. கிண்டல் பண்ண வேண்டிய மணியம், என் ஹெல்மட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

நானா அங்கிருந்தபடியே புதிதாக இன்சூரன்ஸ் போட்டு, தாளைப் போனுக்கு அனுப்பினார். அதிகாரி தேதியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அது அன்றைய தேதி என்பது அவருக்கும் தெரிந்தது.  வரிசையில் கடைசி ஆளாக என்னைக் கூப்பிட்டார்.

இதுவரை நான் எட்டுப் போட்டபோதெல்லாம் சுற்றி நின்றவர்களைத்தான் பார்த்தேன். அன்று கூம்புகளை மட்டும் பார்த்தேன். ஒவ்வொரு கூம்பும் ரொட்டிப் பார்சலோடு ரோட்டைக் கடக்கும் அந்த அக்காவாகவே தெரிந்தது. அவரை இடிக்கக் கூடாது, அவ்வளவுதான். நத்தை மாதிரி போனேன். எட்டு முடிந்தது. வெளியே வரும் வழியும் தெரிந்தது. 'பாஸ்' என்று அதிகாரி சொன்னது எனக்கு முதலில் கேட்கவே இல்லை. மணியம்தான் ஓடி வந்து முதுகில் ஒரு அடி வைத்தான்.

அன்று நான் அவள் வாசலுக்குப் போகவில்லை. லிந்துலையில் அந்தப் பாதை வந்தபோது மணியம் பைக்கை மெதுவாக்கி, "மச்சான், போறியா? நான் பஸ்ஸுல போய்க்கிறேன்" என்றான். தலையாட்டி மறுத்துவிட்டேன். லைசன்ஸ் கைக்கு வர எட்டு நாள் ஆனது. நான்கு வருடத்தைவிட அந்த எட்டு நாள் நீளமாக இருந்தது. ஆனால் அந்த எட்டு நாளில்தான் நான் காத்திருக்கப் பழகினேன் என்று நினைக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை மாலை. வேலை முடிந்து குளித்து, நல்ல சட்டை போட்டு, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். பைக் சத்தம் கேட்டு ஒற்றைக் கதவைத் திறந்தாள். கையில் கோதுமை மா.

"லைசன்ஸ்?"

காட்டினேன்.

"இன்சூரன்ஸ்?"

காட்டினேன். மா ஒட்டிய விரலை வைத்துத் தேதியைப் படித்தாள், பரீட்சைத் தாள் திருத்துவது போல. வாசலில் நின்றபடியே நானுஓயா வளைவில் நடந்ததைச் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை. கேட்டுவிட்டுக் கையிலிருந்த மாவைத் துடைத்தாள். பிறகு மற்றக் கதவையும் திறந்தாள்.

"பைக்கையும் உள்ள வைங்க. நனையும்."

அடியார்களே, உங்களில் பிரிந்து வாழ்பவர்கள் இருப்பீர்கள். கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள் இருப்பீர்கள். என் மாதிரி மடையன் கேட்டதையே அம்மன் காதில் வாங்கினாள் என்றால், உங்களுடையதை விடுவாளா? வந்து கேளுங்கள். நீங்கள் கேட்க மறந்ததையும் அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்றே ஒன்று: மனதை அவள் காலடியில் வையுங்கள், இன்சூரன்ஸை உங்கள் சட்டைப் பையில் வையுங்கள். தேதியையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்துபோன அந்தப் பழைய கார்டைப் பூசாரி ஐயா திருப்பித் தந்தார். மஞ்சள் துணியோடு இன்னும் வைத்திருக்கிறேன். நுவரெலியாவுக்குப் போகையில் அந்த வளைவு வரும்போதெல்லாம் பைக்கிலிருந்து இறங்கி உருட்டிக்கொண்டுதான் போகிறேன். பின்னால் வரும் லொறிக்காரர்கள் ஏசுவார்கள். ஏசட்டும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, அவளை நான்கு வருடம் கொண்டுவந்து இறக்கிய அதே பஸ் எங்கள் குவார்ட்டர்ஸுக்குக் கீழே வந்து ஹோர்ன் அடிக்கும். சத்தம் கேட்டதும் அவள் கை தானாகப் பையைத் தேடும். நான் குடையைத் தேடுவேன். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்போம். பஸ் திரும்பிப் போய்விடும்.