ஏழு நாற்பதுக்கு வரும் ரயில்

பார்க்டேலில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தின் பேஸ்மென்டில் ஓர் ஆறு இருக்கிறது. அதில் தண்ணீர் இல்லை. பலகையின் மேல் சாந்து பூசி, கரும்பச்சை அடித்து, அதன் மேல் பதினாறு தடவை வார்னிஷ் பூசியது. ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்த பூச்சு. கடைசி ஐந்தும் நான் பூசியவை. அறை விளக்குகளைக் குறைக்கும்போது அந்த வார்னிஷுக்குள் எங்கிருந்தோ ஓர் ஆழம் வந்துவிடும். விரலை வைத்தால் நனையும் என்று தோன்றும்.

ஆற்றங்கரையில் ஓர் அமெரிக்க நகரம். எழுபது வருடத்துக்கு முந்தியது. பயணிகள் ரயில்களை நீராவி இயந்திரங்கள் இழுத்த காலம். பெரிய நிலையம், அதில் எட்டு மேடைகள், இரும்புப் பாலம், தண்ணீர்த் தொட்டி, நிலக்கரி நிரப்பும் கோபுரம், தண்டவாளத்துக்குப் பின்னால் வரிசையாக ஒடுங்கிய வீடுகள். எல்லாம் என் நெஞ்சு உயரத்தில், மேசைகளின் மேல். மேடையில் நிற்கிற மனிதர்கள் என் சின்னவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் உயரம். இயந்திரத்தில் உண்மையான நீராவி கிடையாது. உள்ளே ஒரு சின்ன ஒலிபெருக்கி இருக்கிறது. அது விடுகிற பெருமூச்சு உண்மையான இயந்திரம் ஒன்றிலிருந்து பதிவு செய்யப்பட்டது.

ஒன்பது வருடமாகச் சனிக்கிழமைகளில் அங்கே போகிறேன். வேலை மிசிசாகாவில், விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில். அங்கே என்னோடு வேலை செய்கிற ஒருவர், ஊரில் ரயிலில் போன ஞாபகமோ என்று கேட்டார். இல்லை. நான் வளர்ந்தபோது யாழ்ப்பாணத்தில் ரயில் ஓடவில்லை. யுத்தத்தில் தண்டவாளத்தையும் அதைத் தாங்கிய சிலிப்பர் கட்டைகளையும் பதுங்குகிற பங்கர் கட்டக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு ரயில் என்பது இந்த பேஸ்மென்டில்தான் தொடங்கியது. மகளுக்குப் பத்து வயதாயிருந்தபோது ஒருநாள், எல்லோரும் வந்து பார்க்கலாம் என்று கதவில் எழுதியிருந்தது, அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். அவள் அரை மணித்தியாலத்தில் அலுத்துப்போனாள். நான் அடுத்த சனிக்கிழமையும் போனேன்.

அங்கே வருகிறவர்கள் பத்துப் பேர் வரை. பெரும்பாலும் ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர்கள். அவர்கள் விளையாடுவதில்லை, வேலை செய்கிறார்கள். ஒருவர் பாலத்துக்குப் பொறுப்பு, ஒருவர் நிலையத்துக்கு, ஒருவர் சரக்கு முற்றத்துக்கு. எல்லோருக்கும் மேலே டிஸ்பாச்சர், எந்த வண்டி எப்போது போகலாம் என்று உத்தரவு கொடுப்பவர். எண்பதைத் தாண்டியவர். அந்த நகரத்தில் பிறந்தவர் அவர்தான். அவருடைய தகப்பன் அந்த நிலையத்தில் பயணச்சீட்டுக் கொடுத்தவராம். நகரத்தின் பாதியை நினைவிலிருந்து கட்டினார், மீதியைப் படங்களைப் பார்த்துக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஓர் ஒடுங்கிய அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கே ஒரு தொலைபேசியும் ஒரு பெரிய தாளும்தான். அங்கிருந்து நகரம் தெரியாது. எந்த ரயில் எங்கே நிற்கிறது என்பதைக் குரல்களைக் கேட்டுத் தாளில் குறித்துக்கொள்வார்.

சுவரில் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது நான்கு மடங்கு வேகமாக ஓடும். எங்களுடைய பதினைந்து நிமிடம் அந்த நகரத்தின் ஒரு மணித்தியாலம். மாலை ஐந்து மணிக்கு நாங்கள் தொடங்கும்போது அங்கே நண்பகல். ஏழு மணிக்கு முடிக்கும்போது அங்கே இரவு எட்டு. அந்த இரண்டு மணித்தியாலமும் யாரும் தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. மூன்றரைக்குச் சரக்கு வண்டி, நாலே காலுக்கு உள்ளூர் வண்டி என்றுதான் மூச்சு விடுவோம். அந்தக் கடிகாரத்தை ஒருபோதும் பின்னுக்குத் திருப்பக்கூடாது என்பது விதி. பிழை நடந்தால் நடந்ததுதான்.

நான் கதைக்கத் தேவையில்லாத வேலைகளாக எடுத்துக்கொண்டேன். தண்டவாளங்களைத் துணியால் துடைப்பேன். மனிதர்களுக்கும் வீடுகளுக்கும் நிறம் தீட்டுவேன். பத்தாம் வகுப்போடு நின்ற என் ஆங்கிலம் கொட்டகைக்குப் போதும், தொலைபேசிக்குப் போதாது. முகம் தெரியாமல் வருகிற குரலுக்குப் பதில் சொல்ல எனக்குத் தமிழிலேயே தயக்கம். ஆனால் மாலைப் பயணிகள் ரயிலை நான்தான் ஓட்டுவேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. கால அட்டவணையில் இருக்கிற பயணிகள் ரயில் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. மற்ற வண்டிகள் ஒதுங்கி வழிவிட வேண்டும். சொன்ன நேரத்துக்குப் போனால் போதும், வாயே திறக்கத் தேவையில்லை. ஏழு முப்பத்தொன்றுக்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வரும். ஏழு நாற்பதுக்குப் பெரிய நிலையம். அப்போது நகரத்தில் பொழுது படுகிற நேரம். அறை விளக்குகள் மெல்லக் குறைந்து நீலமாகும். பெட்டிகளின் ஜன்னல் வெளிச்சம் ஆற்றில் விழுந்து கூடவே வரும். அந்த இரண்டே கால் நிமிடத்துக்காகத்தான் நான் கிழமை முழுவதும் பெட்டி தூக்குகிறேன் என்று சில நாட்களில் நினைப்பேன்.

இதை என் மனைவிக்குச் சொல்லத் தெரியவில்லை. மகள் படிக்க வேறு நகரத்துக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மனைவிக்கு ஒரு முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை. ஒருநாள் அஜின்கோர்ட்டில் சாமான் வாங்கிவிட்டு காரில் ஏறும்போது கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. சனிக்கிழமையிலை என்னோடை இருக்கேலாமல்தானே அங்கை ஓடுறியள்?"

"சீச்சீ. அப்பிடி இல்லை."

"அப்ப எப்பிடி?"

நான் காரை ஸ்டார்ட் பண்ணினேன். பெரிய தெருவுக்கு வந்ததும் அவளே சொன்னாள்.

"ஒருக்கா வந்து பாக்கிறன். அதுக்குப் பிறகு நான் உதைப் பற்றி வாய் திறக்க மாட்டன். எத்தினை மணிக்கு வரோணும்?"

"ஏழு நாப்பதுக்குக் கோச்சி வரும். அதைப் பாத்தால் காணும்."

சொல்லும்போது எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. ஒன்பது வருடமாக அந்த ரயில் ஏழு நாற்பதுக்குத்தான் வருகிறது.

அந்தச் சனிக்கிழமை நான் தண்டவாளத்தை இரண்டு தடவை துடைத்தேன். நிலையத்து மேடையில் சாய்ந்துபோயிருந்த ஒரு பெண்ணை நிமிர்த்தி ஒட்டினேன். மனைவி ரயிலைப் பார்த்தால் போதும், நான் ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையில்லை என்று நம்பியிருந்தேன். ஒருக்கா என்றுதான் சொன்னாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஏழு முப்பத்தொன்றுக்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ரயிலை நிறுத்தினேன். விளக்குகள் நீலமாகத் தொடங்கின. கதவைப் பார்த்தேன். அவள் வரவில்லை. ஃபோனை எடுத்தேன். ஆறு ஐம்பத்து மூன்று என்று இருந்தது. அதன் கீழே அவளுடைய செய்தி: "வேலை முடிஞ்சு பஸ் ஏறிட்டன். ஏழு நாப்பதுக்கு முதல் வந்திடுவன்."

நான் சொன்ன ஏழு நாற்பது சுவர்க் கடிகாரத்துடையது. அவள் எங்கோ சப்வேயில், உலகத்தின் நேரத்தில் வந்துகொண்டிருந்தாள்.

ரயிலைப் பிடித்து வைக்கலாம். ஆனால் எனக்காக ஒரு சரக்கு வண்டி கிளைப்பாதையில் ஒதுங்கிக் காத்திருந்தது. நான் பிந்தினால் டிஸ்பாச்சருக்குத் தொலைபேசியில் காரணம் சொல்ல வேண்டும். தூணில் தொங்கிய தொலைபேசியைப் பார்த்தேன். அதற்கும் எனக்கும் நான்கு அடி. கை போகவில்லை. ரயிலை எடுத்தேன். பாலத்தின் மேல் அது மூச்சு விட்டுக்கொண்டு போனது. ஜன்னல் வெளிச்சம் ஆற்றில் ஒவ்வொன்றாக விழுந்தது. ஏழு நாற்பதுக்கு, ஒரு நொடி பிந்தாமல், மேடையில் நின்றது. நான் ஓட்டியதில் அதைவிடத் துல்லியமான ஓட்டம் இல்லை. எனக்கு அழவேண்டும்போல இருந்தது.

அவள் வந்தபோது ஏழரை. ஆட்கள் கோட் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சரக்கு முற்றத்தைத் துணியால் மூடிக்கொண்டிருந்தார். அவள் வேலை உடுப்பை மாற்றி, நல்ல தோடு போட்டு வந்திருந்தாள். சப்பாத்து நனைந்திருந்தது.

"பிந்தேல்லைத்தானே? இன்னும் பத்து நிமிசம் கிடக்கு."

"அது... போயிட்டுது."

"என்ன போயிட்டுது?"

"கோச்சி."

"ஏழு நாப்பது எண்டு சொன்னியள்."

நான் சுவரைக் காட்டினேன். கடிகாரம் எட்டு மணியில் நிறுத்தப்பட்டிருந்தது. அது எப்படி ஓடும் என்று தாழ்ந்த குரலில் சொன்னேன். அவள் அதைப் பார்த்தாள். பிறகு தன் கையில் கட்டியிருந்ததைப் பார்த்தாள்.

"உங்கடை நேரத்திலை நான் எப்பிடி வாறது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கைப்பையைத் தோளில் சரிப்படுத்திக்கொண்டு, "சரி, வாங்கோ. போவம்" என்றாள்.

நான் தூணடிக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தேன். மாடிப்படிக்குக் கீழே டிஸ்பாச்சர் இன்னும் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னவற்றைத் தமிழில் எழுதுகிறேன்.

"யார் பேசுவது?"

"மாலைப் பயணிகள் ரயில் ஓட்டுகிறவன்."

தாளில் பென்சில் ஓடும் சத்தம் நின்றது. பிறகு, "உங்களுக்குக் குரல் இருக்கிறதென்று எனக்கு யாரும் சொல்லவில்லையே" என்றார்.

அட்டவணையில் இல்லாத ரயில் ஒன்றை ஓட்ட அனுமதி கேட்டேன். அப்படி ஒரு வழக்கம் அந்தக் காலத்தில் உண்டு. கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பத் தேவையில்லை, எட்டு மணிக்குப் பிறகு புதிதாக ஒரு வண்டி விடலாம். ஆனால் வாயால் கேட்க வேண்டும். அவர் சொல்லும் உத்தரவை எழுதி, ஒரு சொல் பிசகாமல் திருப்பி வாசிக்க வேண்டும்.

"காரணம்?"

"ஒரு பயணி பிந்தி வந்துவிட்டார். பிழை என்னுடையது."

அவர் உத்தரவைச் சொன்னார். நான் மெல்லிய தாளில் எழுதினேன். திருப்பி வாசிக்கத் தொடங்கினேன். இயந்திரத்தின் இலக்கத்தை எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டும். பாதியில் தடுக்கி நின்றேன். அவர் அவசரப்படுத்தவில்லை. கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்தவர்கள் அப்படியே நின்று என்னைப் பார்த்தார்கள். நான் முடித்தபோது பாலத்துக்குப் பொறுப்பானவர் கோட்டைக் கழற்றிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். கடிகாரம் எட்டிலிருந்து முன்னுக்கு ஓடத் தொடங்கியது.

அட்டவணையில் இல்லாத ரயிலின் முன்னால் இரண்டு வெள்ளைக் கொடி குத்த வேண்டும். அரிசியளவு கொடிகள். ஒன்றைச் சாமணத்தால் இடுக்கி, சாமணத்தை மனைவியிடம் கொடுத்தேன். அவள் குனிந்து அதைக் குத்தினாள்.

"வெள்ளைக் கொடியோ? ஆரின்ரை செத்தவீட்டுக்குப் போகுது?"

"செத்தவீடு இல்லை. நேரசூசியிலை இல்லாத கோச்சி எண்டு மற்றாக்களுக்குத் தெரியோணும்."

"ஓ. எனக்கெண்டு விடுற ஸ்பெஷல்." மற்றக் கொடியையும் குத்தினாள்.

விளக்குகளைக் குறைத்தார்கள். ரயில் வளைவிலிருந்து வந்தது. முதலில் மூச்சுத்தான் கேட்டது, பிறகு பாலத்தில் வெளிச்சம். அவள் அதற்குப் பக்கத்தில் நடந்தாள். ரயில் போன வேகத்தில் அவளும் போனாள். அந்த நீல வெளிச்சத்தில் அவள் ஆற்றின்மேல் நடப்பதுபோல இருந்தது. வீட்டு வரிசைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"உந்த உடுப்புகள் ஏன் ஊத்தையாக் கிடக்கு?"

கொல்லைகளில் கொடியில் காய்ந்த உடுப்புகள். அவற்றுக்கு நான்தான் நிறம் தீட்டினேன். ரயில் கரி படிந்ததுபோல இருக்கட்டும் என்று வெள்ளையில் ஒரு துளி கறுப்புக் கலந்தேன். ஒன்பது வருடத்தில் ஒருவரும் அதைக் கவனித்ததில்லை. டிஸ்பாச்சர் அறையை விட்டு வெளியே வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார். ஒரே ஒரு ரயில் ஓடும்போது அவருக்கு உள்ளே வேலையில்லை. அவள் என்ன கேட்டாள் என்று விசாரித்தார். சொன்னேன்.

"எங்கள் தெருவில் பெண்கள் முதலில் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள்" என்றார். "ரயில் பக்கமிருந்து என்றால் அன்றைக்குத் தோய்க்க மாட்டார்கள். என் அம்மா பார்க்க மறந்துவிடுவார்."

நான் அவளுக்குச் சொன்னேன்.

"பின்னை. தோய்ச்சவளுக்குத்தானே தெரியும்" என்றாள் அவரைப் பார்த்து, தமிழிலேயே. அவர் தலையை ஆட்டினார்.

ரயில் நிலையத்தில் நின்று, பிறகு புறப்பட்டு, நகரத்தின் மறுபுறச் சுரங்கத்துக்குள் போய் மறைந்தது.

"இப்ப எங்கை போகுது?"

"ஓரிடமும் இல்லை. மேசைக்குக் கீழை ஒரு யார்ட் இருக்கு. எல்லாம் அங்கைதான் போய் நிக்கும்."

அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதை நாங்கள் யாருக்கும் காட்டுவதில்லை. அவள் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, முழங்காலிட்டு, மேசையின் கீழ்ப்பக்கத்தை மறைத்த கறுப்புத் துணியை விலக்கி உள்ளே தலையை விட்டாள். நானும் பக்கத்தில் முழங்காலிட்டேன். அங்கே நகரமும் இல்லை, ஆறும் இல்லை. பலகைச் சட்டங்களும் வயர்களும் தொங்கின. அந்த இருட்டில் பதினொரு ரயில்கள் பக்கத்தில் பக்கத்தில், ஜன்னல்களில் வெளிச்சத்தோடு, அசையாமல் நின்றன. பன்னிரண்டாவது மெல்ல வந்து கடைசிப் பாதையில் நின்று மூச்சை நிறுத்தியது. கொடிகள் இரண்டும் அப்படியே இருந்தன.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உதையெல்லோ முதல் காட்டியிருக்கோணும்," என்றாள். பிறகு உள்ளே விரலை நீட்டி, "அந்தப் பச்சைப் பெட்டிக்காரன் ஆர்? அவன் எத்தினைக்கு வாறவன்?" என்றாள்.

"ரெண்டு பத்துக்கு," என்றேன். "அது மலைப் பக்கத்திலை இருந்து வாறது. எப்பவும் பிந்தும். ஏனெண்டால்..."

"சொல்லுங்கோ," என்று அவள் முழங்காலை மடக்கிச் சீமெந்துத் தரையில் வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.