கரை அடைக்க எத்தனை மரம் பிடிக்கும்

பள்ளிக்கூடத்தில் நான்காம் பாரத்துப் பையன்களுக்கு நான் இங்கிலீஷ் இலக்கணம் சொல்லிக்கொடுத்த காலத்தில் ஒரு பாடம் வரும். ஒரு வேலைக்கு எத்தனை நாள் பிடிக்கும், ஒரு சட்டைக்கு எவ்வளவு துணி பிடிக்கும் என்பதை அந்தப் பாஷையில் எப்படிச் சொல்வது என்று. ‘இட் டேக்ஸ்’ என்று தொடங்க வேண்டும். யாரென்றே தெரியாத ஓர் ‘இட்’ முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டு நாளையும் துணியையும் வாங்கிப் போட்டுக்கொள்ளும். பையன்கள் சிரிப்பார்கள், நான் அதட்டுவேன். திருநெல்வேலியில் அந்தப் பாடத்தை என்னைப்போல நடத்த ஆளில்லை என்று எனக்குக் கொஞ்சம் கொழுப்பு உண்டு.

அந்த ஐப்பசியில் லீவுக்கு, ஆழ்வார்குறிச்சிப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்குப் போனேன். அதற்குள் வெள்ளம் வந்து வாய்க்கால் கரையை உடைத்திருந்தது. தண்ணீரெல்லாம் உடைப்பு வழியாக ஆற்றுக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பிறகு மழை பேருக்குக்கூட இல்லை. அப்பாவின் வயல் வாய்க்கால் முடிகிற கடைமடையில் இருந்தது. நடவு முடிந்து பச்சை பிடித்த பயிர். தண்ணீர் ஏறாவிட்டால் வைக்கோல்தான்.

உடைப்பைப் பார்க்க ஒரு வெள்ளைக்கார இஞ்சினீயர் வந்து தோப்பில் கூடாரம் அடித்திருந்தார். ஊரார் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நின்றார்கள். மனிதர் கெட்டவர் இல்லை. சர்க்கார் காட்டில் மரம் வெட்டிக்கொள்ள உத்தரவு தருகிறேன், எத்தனை மரம் வேண்டும், எத்தனை நாள் ஆகும், அதை மட்டும் சொல்லுங்கள் என்றார். என் பாடம் அப்படியே துரை வாயிலிருந்து வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பி ஊராரிடம் கேட்டேன்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. வருஷா வருஷம் முன்னின்று கரை போடுகிறவர் எனக்கு மாமன் முறை. அவரும் தரையைப் பார்த்தார். விடாமல் கேட்டதும் என்னைத் தள்ளிக் கூட்டிப்போனார்.

“மொதக் கூடை மண்ணு விழுகாம எண்ணிக்கை சொல்லப்புடாதுன்னு ஒமக்குத் தெரியாதா மாப்ளே? சொன்னா கரை நிக்காது வே.”

மறுநாள் விடியற்காலையில்தான் நல்ல நேரமாம். மடைச்சாமிக்குத் தேங்காய் உடைத்து, முதல் கூடையைப் போட்டுவிட்டால் அப்புறம் சொல்லத் தடையில்லை. இதைத் துரைக்கு எப்படி விளங்கவைப்பது? நாளைக்குச் சொல்வார்கள் என்று கெஞ்சினேன். தங்கள் வேலையின் அளவே தெரியாதவர்களுக்கு மரம் எதற்கு என்று கேட்டார். காலையில் கூடாரத்தைப் பிரித்துவிடுவேன், அதற்குள் சொன்னால் சரி என்று எழுந்துவிட்டார்.

நானே ஏதாவது ஒரு எண்ணிக்கையைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு இலக்கணம் தெரியும், கரை தெரியாது. மரம் குறைந்தால் பாதிக் கரையோடு நிற்க வேண்டும். அதோடு அப்பா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். நானும் அந்த ஊரில் பிறந்தவன்தானே, அவர் முன்னால் எனக்கு நாக்கு எழவில்லை.

விடிந்ததும் முதல் கூடை விழுந்தது. மாமா மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை.

“அறுபது மரம், ஒம்பது நாளு. ஓடும் வே.”

ஓடினேன். தோப்பில் முளைக்குச்சி அடித்த குழிகளும் அடுப்புச் சாம்பலும்தான் இருந்தன. துரை இருட்டோடு குதிரை ஏறி நாங்குநேரிக்குப் போய்விட்டார் என்றான் தோப்புக்காரன். வண்டி கட்டிக்கொண்டு நாங்குநேரிக்குப் போனேன். திசையன்விளைப் பக்கம் போயிருக்கிறார் என்றார்கள். அங்கிருந்து எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இத்தனை நாள் படித்த இங்கிலீஷை வாயில் வைத்துக்கொண்டு, கேட்க ஆளில்லாமல் நடுத்தெருவில் நின்றேன். அழுகைதான் வந்தது.

ஊரார் தங்கள் பனைகளையே வெட்டி, வைக்கோலும் மண்ணும் திணித்து உடைப்பை அடைத்தார்கள். நாள் இழுத்துக்கொண்டே போனது. கரை நின்றது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தபோது அப்பாவின் பயிர் அதைக் குடிக்கிற நிலையில் இல்லை.

வரப்பில் இருவரும் நின்றோம். அப்பா குனிந்து ஒரு பயிரைப் பிடுங்கிப் பார்த்தார்.

“அந்த மரக் கணக்கைத் தொரைகிட்ட இங்கிலீசுல எப்படிலே சொல்லிருப்பே?” என்றார்.

சொல்லிக் காட்டினேன். அறுபது மரமும் ஒன்பது நாளும் அதனதன் இடத்தில் இருந்தன. ஒரு வார்த்தை விளங்காவிட்டாலும் அப்பா கடைசிவரை கவனமாகக் கேட்டார்.

“தப்பில்லாம இருக்கா?”

“தப்பில்லப்பா. சரியாத்தான் இருக்கு.”

தலையை ஆட்டினார். பிறகு தொழுவுக்குப் போய் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு வந்து, வயலுக்குள் மேயவிட்டார்.